வண்டு பிடித்த கிதார்

பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்குக் காதுதான் தராசு. அண்டாவோ குடமோ, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஓட்டை எங்கே, ஒட்டு எங்கே என்று அதுவே வாயைத் திறந்து சொல்லிவிடும். தேனி கடைவீதியில் இத்தனை வருடமாக அப்படித் தட்டித்தான் பிழைக்கிறேன். கிதாரும் அப்படி வந்ததுதான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எங்கள் சர்ச் சபையில் ஒன்று கேட்பாரற்றுச் சாய்ந்து கிடந்தது. தட்டிப் பார்த்தேன், பேசியது. பிறகு சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கிதாரை என் நண்பனுக்குச் சித்திரையில் இரவல் கொடுத்திருந்தேன். ஆடியில் போன் வந்தது. கிதாருக்குள் வண்டு பூந்துவிட்டது, கிர்ர் என்று இரைகிறது என்றான். நான் கொஞ்சமும் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வருகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டைப் பிடித்துக் கையில் தருகிறேன் என்றேன்.

நண்பனுக்குக் கம்பத்தைத் தாண்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள், ஆகவே அவன் எனக்கு மாப்ளே. அவர்கள் கும்பிடுவது அம்மனை, நான் வேதக்காரன். முறை கொண்டாடுவதற்கு அதெல்லாம் எங்கள் பக்கம் ஒரு தடையே இல்லை.

ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். நகை, சேலை எதிலும் வாய் திறக்காத பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். வரவேற்பு மேடையில் அப்பா அந்தத் தாலாட்டைப் பாட வேண்டும், அதுவும் கிதாரோடு. திராட்சைப் பந்தலுக்கு அடியில் தொட்டில் கட்டிப்போட்டுப் பழம் வெட்டிய காலத்தில் அவனே கட்டிய பாட்டு அது. 'காக்கா கொத்துனது காக்காய்க்கு, கொத்தாதது எம்மகளுக்கு' என்று போகும். அதற்கு மேல் பெரிய இலக்கியம் ஒன்றும் கிடையாது. மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் போதும் என்று நான் தைரியம் சொன்னேன். பந்தலுக்குக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த விரல் அவனுக்கு. புதிதாகப் படிக்கிறவர்களெல்லாம் விரல் நுனி எரிகிறது என்று அழுவார்கள். இவனுக்கு அந்த அழுகையே இல்லை.

கேலிக்கு மட்டும் குறைவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குள் அதைவிட ஒரு படி மேல். பந்தல் கம்பியையே மாட்டியிருக்கலாமே என்று தங்கச்சி, அதாவது அவன் மனைவி, வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் கேட்டிருக்கிறாள். அவன் இரைச்சலைப் பற்றி முதல்முதலாகச் சொன்னபோது, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாளாம். பழமொழிகளைச் சேர்த்து வைக்கிறவன் நான். அதை எடுத்து ஒருத்தன் நெஞ்சில் இவ்வளவு சரியாகக் குத்தலாம் என்பது அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் போனபோது கிதார் உறைக்குள் இருந்தது. அதை இழுத்து மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என் வெரலு காய்ச்சுப்போன வெரலு மாப்ளே," என்றான். "நான் கம்பிய அமுக்கல. கம்பிதேன் என்னைய அமுக்குது."

வெளியே எடுத்து நானே வாசித்தேன். அவன் பாட்டு தொடங்குகிற கார்டு. அடித் தடிமன் கம்பியில் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்த உடனே கிர்ர் என்றது. பாரு, என் விரலுக்கும் அதேதான் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சின்னப் பிள்ளை தடுக்கி விழுந்தால் தரையைப் போட்டு அடிப்போமே, அந்த மாதிரி நீயும் எனக்காக வேண்டுமென்றே இரைய விடுகிறாய் என்று சொல்லிவிட்டான். இவனை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. வண்டைக் கண்ணில் காட்ட வேண்டும்.

முதலில் வீட்டைச் சந்தேகப்பட்டேன். அடுக்கில் எவர்சில்வர் தட்டு நிறைய இருந்தது. எல்லாம் என் கடைச் சரக்கு, அதிரக்கூடியது. ஆடிக் காற்றில் ஜன்னல் கதவு வேறு தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கிதாரைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தேன். வண்டும் கூடவே வந்தது.

அடுத்தது தலைப்பக்கம். கம்பத்தில் இவனுக்குப் புதுக் கம்பி மாட்டிக் கொடுத்த கடைக்காரன் மிச்ச நுனியை வெட்டாமல் பூனை மீசை மாதிரி விட்டிருந்தான். ஒன்றோடு ஒன்று உரசினால் இரையத்தானே செய்யும். கட்டிங் பிளேயர் வாங்கி வெட்டினேன். முறுக்குகிற கீயில் ஒரு நட்டு லொடலொடத்தது, அதையும் இறுக்கினேன். பிடித்துவிட்டேன் என்று சத்தமாக அறிவித்துவிட்டு வாசித்தேன். கிர்ர்.

காப்பி கொண்டு வந்த தங்கச்சி டம்ளரை வைத்துவிட்டு, "கோழியப் புடிச்சீகளா அண்ணே, எறகப் புடிச்சீகளா?" என்றாள். அவனே சிரித்துவிட்டான்.

எனக்கு நம்பிக்கை மட்டும் குறையவில்லை. ஓட்டை அண்டா ஒழுகாமல் போகாது, ஒழுகுகிற இடம் தெரியாமலும் போகாது. இந்த முறை வேறு மாதிரி யோசித்தேன். இரைவது அந்த ஒரு சுரத்துக்கு மட்டும்தான். மற்ற கட்டமெல்லாம் தெளிந்த தண்ணீராக ஓடுகிறது. சரி, அதே சுரத்தை வேறு கம்பியில் வரவைத்தால்? அடுத்த கம்பியைத் தளர்த்தி அந்தச் சுரத்துக்கே இறக்கினேன். கட்டத்தில் விரலே வைக்காமல் சும்மா மீட்டினேன். வண்டு எழுந்தது.

"பாத்தியா, இதுல வெரலே இல்ல," என்றேன். கம்பியும் வேறு. சுரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது முழித்துக்கொள்கிறது. அப்படியென்றால் விரலிலும் இல்லை, கம்பியிலும் இல்லை, உடம்பில் இருக்கிறது. மீட்டிக்கொண்டே மேல்பலகையில் உள்ளங்கையை வைத்து, வைத்தியர் வயிற்றை அமுக்குகிற மாதிரி அங்கங்கே அமுக்கினேன். வட்டத் துளைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அமுக்கியதும் சத்தம் மாறியது.

வயிற்றில்தான் இருக்கிறது என்று சொல்லி, கவிழ்த்து உலுக்கினேன். ஒன்றும் உருளவில்லை, ஒன்றும் விழவில்லை. துளைக்குள் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அடிப்பலகைதான் தெரிகிறது. மேல்பலகையின் உள்பக்கம் பார்க்க வேண்டுமானால் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட வேண்டும். தங்கச்சியிடம் கேட்டேன்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குண்ணே," என்றாள்.

நல்ல பழமொழிதான், ஆனால் நான் பார்க்க வேண்டியது கைப்புண்ணை இல்லையே. கண்ணாடி, வேலைக்குப் போன மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டது என்று அடுத்ததாகச் சொன்னாள். அவள் தோளுக்குப் பின்னால், பவுடர் டப்பாவுக்கு மேல், ஆணியில் ஒரு கைக்கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாளில் வாய்க்கு வாய் கொடுக்கிறவள் அன்று தரையைப் பார்த்துப் பேசினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, மதுரைக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

நண்பன் எழுந்துவிட்டான். கிதாரை வாங்கி உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து என் கையில் கொடுத்தான்.

"எடுத்துட்டுப் போயிரு மாப்ளே. மதுரையும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம். அப்பனுக்கு வரலன்னு பிள்ளைகிட்டச் சொல்லிர்றேன்."

சொன்னவன் போனையும் எடுத்து மகளின் எண்ணைத் தேட ஆரம்பித்தான். 

"போனக் கீழ வைங்க," என்றாள் தங்கச்சி. "உங்க வெரல்ல ஒரு குத்தமும் இல்ல. வண்டு நான் வச்சது."

கையை நீட்டி என்னிடமிருந்து கிதாரை வாங்கிக்கொண்டாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, உறையைக் கழற்றி மடியில் கிடத்தினாள். கம்பிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, சின்னக் கையைத் துளைக்குள் விட்டு, நான் அமுக்கிய அதே இடத்திலிருந்து எதையோ உரித்து எடுத்தாள். காலண்டர் தாளில் தட்டையாக மடித்த ஒரு பொட்டலம். அம்மன் கோயில் திருநீறு.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆடி முதல் வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனவள், தன் வீட்டு மனுசர் மேடையில் தடுமாறிவிடக் கூடாது, ஊர்க் கண்ணு பட்டுவிடக் கூடாது என்று வேண்டித் திருநீறு வாங்கி வந்திருக்கிறாள். நேராகக் கொடுக்கவும் முடியாது. இவ்வளவு நாள் கேலி பேசியவளாயிற்றே. வெளியே கட்டவும் முடியாது, வேதக்காரர் பொருள். அதனால் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒட்டிவிட்டாள். எதை வைத்து? நாமெல்லாம் பஞ்சாங்கத் தாள் முதல் பள்ளிக்கூட அட்டை வரைக்கும் எதை வைத்து ஒட்டுவோமோ அதை வைத்துத்தான். சோற்றுப் பருக்கை. ஒட்டிய அன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்று அடிக்க அடிக்கப் பருக்கை காய்ந்து கல்லாகி, ஒரு ஓரம் விட்டுவிட்டது. அந்த ஓரம்தான் குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் பலகையில் படபடத்திருக்கிறது. அது தன் வேலை என்று அவளுக்கே தெரியாது. நான் பலகையை அமுக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றபோதுதான் தெரிந்ததாம்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணே. உங்க சாமிக்குப் பாடுற கிதாருல..."

எங்கள் சபையில் இதைவிடப் பெரிய இரைச்சலெல்லாம் வருடக்கணக்காகக் கிடக்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்றேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நண்பன் சிரிக்கவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தளர்த்திய கம்பியைச் சரியாக ஏற்றிக் கொடுத்தேன். வாசித்தான். முதல் கார்டு மணி மாதிரி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு கம்பி சொத்தென்று செத்த சத்தம் போட்டது. நிறுத்தினான். விரலைத் திருப்பிப் பார்த்தான்.

"இது நான்தேன்," என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது. விரலை ஒரு நூல் நகர்த்தி மறுபடி வாசித்தான், சரியாக வந்தது. பிறகுதான் பொட்டலத்தை மனைவியிடம் நீட்டி, "மறுபடி ஒட்டு, இந்தத் தடவ கெட்டியா ஒட்டு," என்றான்.

கிதார் என்னுடையதாயிற்றே என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தச்சர் பசை இருந்தால் எடுத்து வாருங்கள் என்றேன். நாலு ஓரமும் நானே தடவிக் கொடுத்தேன். என் கை துளைக்குள் போகாது. அவள்தான் ஒட்டினாள். பசை காய்கிற வரைக்கும் சாப்பிட்டோம். அப்புறம் அந்தச் சுரத்தை எத்தனை தடவை தட்டினாலும் வண்டு எழவில்லை.

ஆவணியில் அவன் மேடையேறினான். ஓரிடத்தில் விரல் வழுக்கியது, மறுபடி பிடித்துக்கொண்டு முடித்தான். மகள் அழுதாள், மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினான். தங்கச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் அப்பளம் தீர்ந்துவிட்டதா என்று யாரையோ மும்முரமாக விசாரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மேடையை விட்டு நகரவில்லை.

கல்யாணம் முடிந்து கிதார் என்னிடமே வந்துவிட்டது. அவன் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டான். சபையில் ஞாயிறுதோறும் இதைத்தான் வாசிக்கிறேன். போன வாரம் கம்பி மாற்றக் கழற்றியபோது, துளைக்குள் இரண்டு விரலை விட்டு எட்டியமட்டும் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எட்டிய பொட்டலத்தின் ஓரம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.