சிவப்புக் கோடு போட்ட எழுத்து

அந்தப் படம் என் கணினித் திரையில் முதலில் திறந்தபோது ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. கைபேசியில் எடுத்து, இரண்டு மூன்று பேர் கைமாறி, எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த ஒரு லோகோ. “இத வெக்டராக்கி, எம்பிராய்டரிக்கும் ஒரு ஃபைல் போட்டுத் தாம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா யூனிட் ஆரம்பிக்காங்களாம்” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார். ராஜபாளையத்தில் பள்ளிச் சீருடைகளுக்கும் மில் சட்டைகளுக்கும் எம்பிராய்டரி போடும் அந்தக் கடையின் உரிமையாளரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு இது தினமும் வருகிற வேலை. மங்கலான படத்தின் மேல் கோடு கோடாகப் புதிதாக வரைந்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டராக்க வேண்டும். பிறகு ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து தைக்க வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் தையல் ஃபைலாக அதை மாற்ற வேண்டும்.

அன்று என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. படத்தில் இருந்தவை இரண்டே எழுத்துகள், ம, க. ம முடிகிற இடத்தில் நூல் அறாமல் மேலேறி க-வாகியிருந்தது. அதை வரைந்தவள் நான். ம என் பெயரின் முதல் எழுத்து. அதன் மேல் யாரோ விரலால் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கீழே, “இந்த எழுத்து வேண்டாம்” என்று ஒரு வரி.

க, அக்காவின் எழுத்து. உடன்பிறந்த அக்கா இல்லை. அந்தக் கடையில் எனக்குப் பக்கத்து இருக்கையில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறுவார். நான் வன்னியம்பட்டி விலக்கில் ஏறும்போது ஜன்னலோரத்தில் தன் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாடிக்கையாளர்களிடம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோபத்தோடு உள்ளே வருகிற ஆள் சிரித்துக்கொண்டு வெளியே போவார். வரைவதும் தையல் ஓட்டம் போடுவதும் என் கை. பேச்சு அவர், கை நான். இரண்டையும் சேர்த்தால் சொந்தமாக ஒரு எம்பிராய்டரி யூனிட் நடத்தலாம் என்ற யோசனை அந்த பஸ்ஸில்தான் பிறந்தது. எந்தத் தெருவில் இடம் பார்ப்பது, முதலில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்பது, வேலைக்கு வருகிற பெண்களுக்கு என்ன நிறத்தில் சட்டை என்பது வரை பேசி முடித்திருந்தோம்.

அந்தச் சட்டைக்காகத்தான் லோகோ வரைந்தேன். ஒரு வெள்ளைத் துணித் துண்டில் முதல் சாம்பிள் ஓட்டியபோது அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஏட்டி, ரெண்டு பொம்பளைங்க கையக் கோத்துக்கிட்டு நிக்காப்புல இருக்கு பாரு” என்றார். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் திருப்பூரில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து எனக்கு வேலை வந்தது. அக்காதான் போகவிடவில்லை. “நீ போய்ட்டா நான் யார வச்சு ஆரம்பிக்க? ஒரு வருசம் பொறு. நாம ஆரம்பிச்சுருவோம்.” பொறுத்தேன். அடுத்த சில மாதங்களில் மாமியாருக்கு முடியவில்லை என்று அக்கா வேலையை விட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, “நான் கூப்புடுதேன்” என்றார். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கேன், பொறவு பேசுதேன் என்பார். அவர் வீட்டுக் கஷ்டத்தில் நாம் தொந்தரவு செய்கிறோமே என்று எனக்கே கூச்சமாகி, கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கூச்சத்தின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

அண்ணாச்சியிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். செய்யவும் செய்து, கெடுக்கவும் செய்திருக்கலாம். தையலின் நெருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். சாம்பிளில் அழகாக இருக்கும், நாலு துவைப்பில் பிரிந்து தொங்கும், யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலில் அந்த நெருக்கத்துக்கான எண்ணை ஒருமுறை மாற்றியும் வைத்தேன். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சரியான எண்ணுக்கே கொண்டுவந்தேன். நல்ல மனசு என்றெல்லாம் இல்லை. நான் போட்ட தையல் பிரிந்து தொங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். பழைய ஃபைல் என் பென்டிரைவிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. அந்த உடைந்த படத்தின் மேலேயே க-வை மட்டும் புதிதாக வரைந்தேன். ம-விலிருந்து வந்த நூல் இப்போது வெறுமையிலிருந்து கிளம்பியது. அதற்கு வேறொரு தொடக்கம் வைத்துக் கொடுத்தேன்.

சாம்பிளை நானே கொண்டுபோகிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நாங்கள் பேசி வைத்திருந்த அதே தெருவில் மாடியில் இருந்தது யூனிட். புது இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“நீயே கொண்டாந்தியா?”

“நான் போட்டதுதான. நான்தான கொண்டாரணும்.”

அங்கிருந்த பெண்களுக்குக் கேட்காதபடி என்னை மாடிப்படிக்கு அழைத்துவந்தார். “எங்க வீட்டுக்காரரோட அண்ணன் எடம் இது. அவிய வெளியாளு யாரும் வேண்டாம்னுட்டாவ. நான் என்ன செய்ய?”

“நான் வெளியாளாக்கா?”

“ஒங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல, ஏட்டி.”

“கோடு போடக் கை வந்துச்சே.”

அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. “இதுக்கு வேற கடையா இல்ல? நான் இருக்கது தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு அங்க குடுத்தீங்க?”

சாம்பிளில் க வளைகிற இடத்தை விரலால் தடவினார். பிறகு உண்மையைச் சொன்னார். “வேற யாரு போட்டாலும் அந்த வளைவு வராதுல்ல.”

நான்கு வருடத்தில் அக்கா என்னைப் பாராட்டியதெல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை. என் எழுத்து வேண்டாம், என் கை வேண்டும். சாம்பிளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

இரண்டு வருடம் ஆகிறது. அக்காவின் யூனிட் நன்றாக நடக்கிறது. நான் அண்ணாச்சி கடையில்தான் இருக்கிறேன். திருப்பூர் வேலை மறுபடி வரவில்லை. அக்காவின் யூனிட் சட்டை போட்ட பெண்களை எப்போதாவது பஸ்ஸில் பார்க்கிறேன். தையல் இன்னும் பிரியவில்லை.

போன மாதம் அக்கா கைபேசியில் அழைத்தார். பள்ளிக்கூட ஆர்டர் ஒன்றில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். “செத்த நேரம் பாத்துத் தாரியா, ஏட்டி?” என்றார், இடையில் எதுவுமே நடக்காததுபோல. அவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். ஒரு மூலையில் ஊசி அதே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலை. சரிசெய்து அனுப்பிவிட்டு நானே அழைத்தேன்.

“அனுப்பிட்டேன், மேடம்” என்றேன்.

மறுமுனையில் வெகுநேரம் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவரே வைத்துவிட்டார்.