கையை யாரும் பார்க்காத சான்றிதழ்

என் சின்ன மகள் நர்ஸ். பத்தொன்பது வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில், இருதய நோயாளிகள் வார்டில் வேலை. ஃபோனில் படிக்கிற அந்த கோர்ஸ் செல்லுமா செல்லாதா என்று அவளோடு வேலை செய்கிற பெண்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்தி எழுதுகிறாள்.

நின்றுபோன நெஞ்சை அமுக்கி உயிரை மீட்கிற வேலைக்கு சிபிஆர் என்று பேர். அதற்கென்று ஒரு சான்றிதழ் உண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எப்போதும் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நிலையத்தில் இருந்து, ரப்பர் பொம்மையை அமுக்கிக் காட்டிவிட்டுத்தான் வருவாள். இந்தத் தடவை பார்த்து நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிற நேரத்துக்கே பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சிக் கூத்தாடி என் பக்கத்தில் உட்கார வைத்தாள். பயிற்சிக்கென்று இன்னொரு நாள் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் கூட வேலை செய்யும் ஒருத்தி அந்த கோர்ஸைக் காட்டிக் கொடுத்தாள். மகள் என் கால்மாட்டில் உட்கார்ந்து ஃபோனில் பாடப் படத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து கேள்வி, ஒன்றுகூடத் தப்பில்லை. நான் டீ குடித்து முடிப்பதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. பேத்தி அச்சடித்துக் கொண்டுவந்தாள். பழையதைவிடப் பெரிசு, தங்க நிறத்தில் முத்திரை வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் முகத்தில்தான் ஈயாடவில்லை.

"என் கையை யாருமே பாக்கலையேம்மா."

"பத்தொன்பது வருஷமா அமுக்குற கை. அதை எவன் வந்து பாக்கணும்? பேசாம ஃபைல்ல போடு."

மனசு கேட்காமல் என் தலையணையைத் தரையில் போட்டு, முட்டி போட்டு அமுக்கிப் பழகினாள். நான் படுத்தபடியே முப்பது வரைக்கும் எண்ணினேன்.

"மெதுவா எண்ணும்மா. நீ எண்ணுற வேகத்துக்குப் பொணமே எந்திரிச்சு ஓடிரும்."

சிரித்தோம். அப்படியே பத்துப் பதினைந்து நாள் அமுக்கினாள்.

இரண்டு மாசம் கழித்து வார்டுக்குப் புதுத் தலைமை நர்ஸ் வந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார் என்பதால் கண்ணாடியம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். வந்ததும் ஒவ்வொருத்தர் ஃபைலையும் புரட்டியிருக்கிறார்.

"இது முழுக்க ஃபோன்லயே முடிஞ்சதா?"

"ஆமா மேடம்."

"பொம்மையில செஞ்சு காட்டுனீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்போ இங்க செல்லாது. பாடத்தை வீட்டுல படுத்துக்கிட்டே படிங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அமுக்குறதை ஒருத்தர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடணும்."

அன்றைக்கே மகளை வார்டிலிருந்து எடுத்து, பழைய கேஸ் தாள்கள் வைக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார். ஒரு வாரத்துக்குள் சரியான சான்றிதழ் வராவிட்டால் வேலையே இல்லை. மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"போலிப் பேப்பரையா வித்தான் அந்தப் பாவி?" என்று கேட்டேன்.

"படிச்சதெல்லாம் நிஜம்தாம்மா. எல்லா எடத்துலயும் செல்லும்னு போட்டிருந்தான். ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை கேட்டுட்டு சேந்திருக்கணும். கேட்டா முடியாதுன்னு சொல்லிருவாங்கன்னு பயந்து, கேக்காமலே இருந்துட்டேன்."

பயிற்சி நிலையத்துக்கு நானும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரி ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்பேன். அங்கே பொம்மையின் தோளில் ஒரு விளக்கு. சரியாக அமுக்கினால் பச்சை எரியும், இல்லாவிட்டால் மஞ்சள். என் மகள் முட்டி போட்டு ஆரம்பித்தாள். நான் மனசுக்குள் எண்ணினேன். மஞ்சள். முப்பதும் மஞ்சள்.

பயிற்சி கொடுக்கிற பையன் குனிந்து பார்த்தான். "ஆழம் சரியா இருக்குக்கா. ஆனா அமுக்கிட்டு முழுசா விட மாட்டேங்கறீங்க. மேலயே சாஞ்சிருக்கீங்க. நெஞ்சு நல்லா மேல வந்தாத்தான் ரத்தம் திரும்ப உள்ள வரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அவ பத்தொன்பது வருஷமா..."

"அம்மா, சும்மா இரு."

"பழகினவங்களுக்குத்தான் பாட்டி இது அதிகம் வரும்" என்றான் அவன். "எதுல பழகுனீங்கக்கா?"

"தலையணைல."

"அது மேல எழும்பாதே. அதான் கைக்கும் தெரியல."

மூன்றாவது தடவைதான் பச்சை எரிந்தது. பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சின்னத் தாள், முத்திரைகூட மங்கல். வேலை தப்பித்தது. பஸ் வருகிற வரைக்கும் நான் ஓயாமல் பேசினேன், கண்ணாடியம்மாவை ஒரு பிடி பிடித்தேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி மகள் சொன்னாள்:

"போன மாசம் மூணாம் பெட்காரர் போயிட்டார்னு சொன்னேன்ல? மொதல்ல அமுக்குனது நான்தாம்மா."

"அவருக்கு வயசாச்சுன்னு நீதான சொன்ன?"

"ஆச்சுதான். பொழைச்சிருக்க மாட்டார்னுதான் டாக்டரும் சொன்னார். ஆனா நான் முழுசா விட்டேனா இல்லையான்னு யாரால சொல்ல முடியும்?"

பேசாம ஃபைல்ல போடு என்று சொன்னது என் வாய்தானே.

மறுநாள் காலையில் அவள் வார்டுக்குப் போனாள். தாளைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் பெட்காரர் விஷயத்தையும் கண்ணாடியம்மாவிடம் தானே சொல்லிவிட்டாளாம். வேறு எத்தனை பேர் அந்த கோர்ஸ் முடித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்க, நாலு பேர் முன்னே வந்தார்களாம். அத்தனை பேரையும் பொம்மைக்கு முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள்.

என் தலையணை நடுவில் குழிந்துபோய்க் கிடக்கிறது. தட்டிப் பார்த்தேன், எழும்பவில்லை. புதுசு வாங்கலாம் என்கிறாள் பேத்தி. இருக்கட்டும், இதிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.