தட்டில் விழுந்த வளையல்கள்

கண்ணாடி வளையல்கள் எவர்சில்வர் தட்டில் விழுந்த சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. எண்பதுகளில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த வயதானவர்களிடம் சொறி பரவிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க, இல்லத்தின் தலைமை நர்ஸான மேட்ரன் எங்களுக்குப் பாடம் எடுத்தார். முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கயிறு எதுவும் கூடாது, என்ன கழுவினாலும் சொறிப்பூச்சி அடியில் தங்கிவிடும் என்றார். சரியான பேச்சுதான். அதை மறுக்க முடியாததுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது என்று நம்புகிற குடும்பம். அதற்கு முன் ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவர் வேறு. "துணி மடிக்கிற வேலைக்காவது போறேன் மேடம்," என்று கெஞ்சினார். "ரூல்னா ரூல்தான் லா. வளையலா வேலையா, நீயே முடிவு பண்ணு," என்றார் மேட்ரன். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம். அக்கா கையில் சோப்பைப் பூசி ஒவ்வொன்றாகக் கழற்றி மேட்ரன் நீட்டிய தட்டில் போட்டார். ஒன்று உடைந்து மணிக்கட்டைக் கீறியது. "இதுக்குப் போய் என்ன அழுகை?" என்று கேட்டாள் அந்தப் பொம்பளை. அவளுக்குக் கொடுத்த மரியாதை அதோடு சரி.

சொறி நிற்கவில்லை. சில வாரங்கள் கழித்து வந்த டாக்டர், மேட்ரன் கட்டில் கட்டிலாகப் போய்ப் புண்களைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்தார். முதலில் உங்கள் வாட்ச்சைக் கழற்றுங்கள் என்றார். தோல்பட்டைக்குக் கீழே அவள் மணிக்கட்டே சிவந்து தடித்திருந்தது! வாட்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை? ம்ஹூம். அக்காவுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அதுவரை தினமும் செத்துப் பிழைத்தார். பிற்பாடு மேட்ரன் இறந்த செய்தி வந்தபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இப்போது புக்கிட் பாத்தோக்கில் ஓர் இல்லத்தில் அதே பாடத்தை நான் எடுக்கிறேன். தட்டை நீட்டுமுன் என் வாட்ச்சைக் கழற்றி அதில் போடுவேன். போன மாதம் ஒரு பெண் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். வளைகாப்பு வளையல். "பிள்ளை பொறக்கிறவரைக்கும் துணி மடிக்கிற வேலைக்குப் போம்மா," என்றேன். அவ்வளவுதான். இதைச் சொல்ல அந்த மகராசிக்கு வாயா வலித்தது? தட்டில் என் வாட்ச் மட்டும் கிடந்தது.