செல்வியின் வட்டம்

மானுடவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் களப்பணிக்கு எனக்குக் கிடைத்தது சாலவாக்கத்தை ஒட்டிய இருளர் குடியிருப்பு. ஒரு குடும்பத்தின் உறவு வரைபடம் போட வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. வகுப்பில் இதில் நான்தான் புலி!

நான் வரைய உட்கார்ந்த வீட்டின் லட்சுமி அக்கா, நடவு முடித்து வந்தவர், என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எங்க வூட்டுக்காரரு முக்கோணமா? அவுரு மூஞ்சிக்குச் சரியாத்தான் கீது!"

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன்.

"பெரியவ செல்வி. ஆறு வயசுல காய்ச்சல்ல போய்ட்டா."

கேட்ட வேகத்தில் வட்டம் போட்டு, சரக்கென்று கோடும் இழுத்துவிட்டேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "இன்னாத்துக்கு கண்ணு அவள அடிச்சிட்ட? அவளும் நான் பெத்தவதான?"

தாளைக் கிழித்துவிட்டுப் கோடு இல்லாமல் புதிதாக வரைந்தேன். செல்வியின் வட்டத்தை அக்கா விரலால் சுற்றிப் பார்த்தார். "இப்போ நல்லா கீது. இரு, டீ போடறேன்."

கல்லூரியில் என் களக்குறிப்பில் செல்வி இறந்ததைப் படித்த சார், "கோடு எங்கே? போட்டுக் கொடு, மார்க் தரேன்" என்றார். ஓரத்தில், 'ஆறு வயதில் இறந்தாள்' என்று எழுதிக் கொடுத்தேன். மார்க் வரவில்லை. கோடு போட எனக்கும் கை வரவில்லை.