முன்கூட்டியே போட்ட கையெழுத்து

பயிற்சிக்குப் போகச் சொல்லிச் சுற்றறிக்கை வந்த அன்று என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்."

நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கடலை ஒட்டிய ஒரு விடுதியில் நான் பராமரிப்பு மேலாளர். பம்பு, ஜெனரேட்டர், ஏசி, கழிவுநீர் எல்லாம் என் பொறுப்பு. பணியிடப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி, ஒரு நாள், செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மேலாளர்களுக்கு மட்டும் என்றது சுற்றறிக்கை. குழியில் இறங்குபவர்களை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் ஏன்? நாளைக்கு ஏதாவது நடந்தால், 'இவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தோமே' என்று காட்ட ஒரு தாள் வேண்டும். அதற்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பதரைக்குக் குழுப்படம் எடுத்தார்கள். பயிற்சி தொடங்கும் முன்பே, பயிற்சி முடித்தவர்களின் படம். எங்கள் விடுதியின் பொது மேலாளர் நடுவில் நின்றார். படம் எடுத்ததும் காரில் ஏறிப் போய்விட்டார். சான்றிதழ் அவருக்கும் வந்தது.

பயிற்சியாளர் என் வயதுள்ள ஒரு பெண்மணி. பருத்திச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. திரையில் படம் எதுவும் ஓட்டாமல் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "கடைசியா நீங்க கையெழுத்துப் போட்ட பர்மிட்டை ஞாபகத்துலேருந்து எழுதுங்க. யாரு, எந்த இடம், எத்தனை மணி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அங்க என்ன பாத்தீங்க?"

ஆபத்தான வேலை ஒன்றைத் தொடங்குமுன் மேலாளர் இடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் அனுமதித் தாளைத்தான் பர்மிட் என்கிறோம். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். இதிலெல்லாம் தடுமாற மாட்டேன் என்றுதான் பேனாவைத் திறந்தேன். ஒரு சொல்கூட எழுத முடியவில்லை. எங்கள் ஆட்கள் காலை ஆறரைக்கு வேலை தொடங்குவார்கள். நான் வருவது எட்டு மணிக்கு. வேலை நிற்கக் கூடாது என்று, திங்கட்கிழமைகளில் பத்து வெற்றுப் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது என் வழக்கம். அந்தப் பெண்மணி என் பக்கம் பார்த்தபோது, எங்கள் அலுவலகத்திலிருந்து யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே சந்தேகப்பட்டேன். ஆனால் சுற்றிலும் பார்த்தால் பாதிப் பேரின் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது.

மதியம் கழிவுநீர்த் தொட்டி பற்றிப் பேச்சு வந்தது. ஓர் ஓட்டல் மேலாளர் எழுந்து, "எங்க ஆளு கற்பூரம் ஏத்தி உள்ள வுட்டுப் பாத்துட்டுத்தான் மேடம் எறங்குவான்" என்றார். கிணற்றில் இறங்குமுன் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் அது. எங்கள் விடுதியிலும் அப்படித்தான்.

"கற்பூரம் எரிஞ்சா மூச்சுவிடக் கொஞ்சம் காத்து இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். விஷவாயு இல்லன்னு அது சொல்லாது. எரியற வாயு இருந்ததுன்னா உங்க ஆளு மீசையும் போயிடும்" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அழுகின முட்டை வாடை வந்தா பயப்படறீங்க. வாடை நின்னா கேஸ் போயிடுச்சுன்னு தைரியமாயிடறீங்க. அளவு கூடிச்சுன்னா மூக்கு வேலை செய்யாது. அப்பதான் வாடை நிக்கும்."

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கே அலுவலகம் போய்ப் பர்மிட் கோப்பையும் என் நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சமையலறைக் கழிவுநீர்த் தொட்டியில் பிளம்பர் இறங்கியிருக்கிறார். காலை பதினொரு மணிக்கு நான் இடத்தைப் பார்த்ததாகவும், வாயுச் சோதனை சரி என்றும் பர்மிட் சொல்கிறது. கீழே என் கையெழுத்து. நாட்குறிப்பு சொல்கிறது: "11.05. முட்டுக்காடு. மைத்துனர் குடும்பத்துடன் படகு." அடுத்த நாள் பக்கத்தில் இன்னொரு வரி: "பிளம்பர் தலை சுற்றுகிறது என்று லீவு கேட்டார். குடித்திருப்பார் என்று சந்தேகம்." கடைசிச் சொல்லின் கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

கோப்பை மூடுவதற்குள் செக்யூரிட்டி ஓடிவந்தார். அன்று விடுதியில் ஒரு கல்யாணம். சமையலறைத் தரையில் கழிவுநீர் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் இருக்கும் பம்பு அடைத்துவிட்டது.

நான் போனபோது தொட்டியின் மூடி திறந்திருந்தது. பிளம்பர் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அச்சரப்பாக்கம் பக்கத்து ஊர்க்காரர். பத்து வருடமாக எங்களிடம் வேலை செய்கிறார். பர்மிட் ஒரு செங்கல்லின் கீழ் படபடத்தது.

"யாருப்பா இதுல கையெழுத்து போட்டது?" என்றேன்.

"நீதான் சார்."

"மீட்டர் வுட்டுப் பாத்தியா?"

"இன்னா சார் புச்சா கேக்கற? கற்பூரம் வுட்டாச்சு, ஜம்முனு எரியுது. காலைல கப்பு தாங்கல. இப்ப வாடையே இல்ல பாரு."

வாடை இல்லை என்றதும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். வாயுவை அளக்கும் மீட்டர் என் அலமாரியில்தான் இருந்தது. வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. சார்ஜும் இல்லை. அதைச் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு, கழிவுநீர் லாரிக்குப் போன் செய்தேன். திருப்போரூரிலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பொது மேலாளர் வேகமாக வந்தார். "ஒரு மணிக்குப் பந்தி. அவரு எறங்கினா இருபது நிமிஷ வேலை. நேத்து ட்ரெயினிங், இன்னிக்கு லாரியா? போய்ட்டு வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு நாளைக்கு இந்தக் காய்ச்சல் இருக்கும்."

"நீங்களும்தான் போட்டோவுல இருக்கீங்க சார்" என்றேன்.

கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கக் கூடாது என்ற சட்டம் எங்கள் யாருக்கும் தெரியாததல்ல. பர்மிட்டில் 'பம்பு பார்வையிடல்' என்று எழுதிவிட்டால் அது வேறு வேலையாகிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். நான் அந்தப் பக்கம் திரும்பினால் பொது மேலாளர் பிளம்பரை இறக்கிவிடுவார் என்று சந்தேகம் வந்தது. இது தவறான சந்தேகம் என்று இன்றும் நினைக்கவில்லை. மூடியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"லாரிக்காரன் கமிஷன் இன்னா தரான் சார்?" என்றார் பிளம்பர். செக்யூரிட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சமையலறைக்காரர்கள் பாத்திரங்களைத் தோட்டத்துக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆளுக்கொரு முறை என்னை முறைத்தார்கள்.

பத்தே காலுக்கு மீட்டர் தயாரானது. கடற்காற்று முதுகில் படும்படி நின்று, மூடியை ஒரு சாண் நகர்த்தி, நூலில் கட்டி இறக்கினேன். ஒரு முழம்கூட இறங்கியிருக்காது. சிவப்பு விளக்கு எரிந்து, மீட்டர் கத்தத் தொடங்கியது.

"கத்தறதுக்குன்னே வாங்கன சாமான், கத்துது" என்றார் பிளம்பர். என் கையிலிருந்து நூலை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த நல்லதண்ணீர்த் தொட்டியில் விட்டார். சத்தமே இல்லை. மறுபடி இங்கே கொண்டுவந்து விட்டார். கத்தியது. மூன்று முறை இப்படி நடந்தார். மூன்றாவது முறை வந்ததும் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"போன மாசம் நான் எறங்கனப்ப இது இன்னா சொல்லிச்சு சார்?"

நாட்குறிப்பைப் பார்க்காமல் வந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "அன்னிக்கு இது உறையிலதான் இருந்திச்சு. நான் முட்டுக்காட்டுல படகுல இருந்தேன். கையெழுத்து முன்னாடியே போட்டது" என்றேன்.

அவர் சட்டையை எடுத்து மாட்டிப் பொத்தான்களைப் போட்டார். "மக்கா நாளு தலை சுத்துதுன்னு உங்கிட்டதான் வந்து நின்னேன். 'நேத்து எத்தினி ரவுண்டு?'ன்னு கேட்ட. நான் குடிக்கிறதே இல்ல சார். வூட்ல போயி நீ இப்டி கேட்டன்னு சொன்னா, அவளும் வாயை ஊதச் சொல்றா."

லாரி வந்தது, உறிஞ்சி எடுத்தது. சங்கிலியால் பம்பை மேலே தூக்கிப் பார்த்தபோது ஒரு மேசைத்துணி சுற்றியிருந்தது. பந்தி ஒன்றே முக்காலுக்குத் தொடங்கியது.

அன்று மாலை, மீதமிருந்த வெற்றுப் பர்மிட்டுகளில் என் கையெழுத்தின் குறுக்கே கோடு போட்டேன். முட்டுக்காடு நாளின் பர்மிட்டைக் கிழித்துவிடலாமா என்று கை போனது. கிழிக்கவில்லை. நாட்குறிப்பில் 'குடித்திருப்பார்' வரியின் கீழ் அன்றைய தேதியிட்டு எழுதினேன்: "குடிக்கவில்லை. தொட்டி வாயுவாக இருக்கலாம். கேட்டிருக்க வேண்டும்." அடுத்த வாரம் அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இத வூட்ல காட்டணும், போட்டோ புடிச்சிக்கறேன்" என்று செல்போனை எடுத்தார்.

அந்தப் பயிற்சியை எதற்காக நடத்தினார்கள் என்பதில் என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. குழுப்படம் வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. தொட்டிக்குள் இப்போது யாரும் இறங்குவதில்லை. மூடியைத் திறப்பதற்குக்கூட நான் எட்டு மணிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் மீட்டரை விட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, பிளம்பர் மீட்டரை என் கையிலிருந்து வாங்கி மறுபடி ஒருமுறை விட்டுப் பார்க்கிறார். என் கையெழுத்தை அவர் நம்புவதில்லை. வாங்கட்டும் என்று நூலை நீட்டுகிறேன்.