மேப் காட்டிய கரை வழி

மூச்சுத் திணறிய அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏம்பலத்திலிருந்து மருத்துவமனைக்குக் கிளம்பினேன். வில்லியனூர் ரோட்டில் நெரிசல் என்று மேப் சிவப்பாகக் காட்டி, வாய்க்கால் கரை வழியைச் சொன்னது. எங்கள் கரும்பே அந்தக் கரை வழியாகத்தான் ஆலைக்குப் போகும். கரும்பு வெட்டு நடக்கும் மாதம், ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் என்று தெரிந்தும் அந்தக் கரையில் திரும்பிவிட்டேன்.

பாதி வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. லோடோடு அது பின்னால் போக முடியாது. எனக்குப் பின்னாலோ, அதே மேப்பை நம்பி வந்த கார்கள். அப்பாவின் உதடு நீலம் பாரித்தது.

டிராக்டர் ஓட்டிய எங்கள் ஊர்க்காரர் இறங்கி வந்தார். "இன்னாபா, கரும்பு போடுற நீயே வெட்டு நேரத்துல இப்படி வர்றியே" என்றவர், ஒவ்வொரு காராகத் தட்டிப் பின்னால் போகவைத்தார். அதற்கே அரைமணி நேரமானது. கடைசியாக நானும் பின்னால் வந்து, வில்லியனூர் ரோட்டிலேயே மருத்துவமனைக்குப் போனேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போதும் மேப் பார்க்கிறேன். ஆனால் கரை தொடங்கும் முனையிலுள்ள பெட்டிக்கடையில், "கரும்பு வண்டி உள்ள இருக்குதா?" என்று கேட்காமல் அந்த வழியில் திரும்புவதில்லை.