பட்டியலின் கடைசி வீடு

அல்போன்சம்மாள் நகரின் வடகோடியில் இருந்த ஈசூனுக்குக் குடிபோனது 1984இல். அதற்கு முன் இருபது ஆண்டுகள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தார். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. நான் அங்கே வார்டு உதவியாளர். கறை படிந்த விரிப்பை யாராவது கண்ட இடத்தில் போட்டால் மாடி வரை கேட்கும்படி கத்துவார்.

"ஒரு பை, ஒரு ஆளு. கை மாத்தி மாத்தி விட்டீங்கன்னா ஆஸ்பத்திரி பூரா சீக்கு லா!"

டாக்டர்கள்கூட அவரிடம் வாய் கொடுக்கமாட்டார்கள்.

எங்கள் கோயில் பங்கில் அக்டோபர் முழுவதும் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். எந்த நாள் எந்த வீடு என்று கோயிலில் சைக்ளோஸ்டைல் செய்த பட்டியல் தருவார்கள். முப்பத்தொரு குடும்பம், வரிசைப்படி, முகவரியோடு. அது ஆண்டு முழுவதும் எல்லார் சமையலறைக் கதவிலும் ஒட்டியிருக்கும். ஈசூன் தூரம் என்பதால் அல்போன்சம்மாள் வீடு கடைசி. அப்போது அங்கே ரயில் கிடையாது. மாதாவைப் பூத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். சீன டிரைவர் குழந்தை என்று நினைத்து வளைவுகளில் மெல்லத் திருப்புவார். நாங்களும் திருத்தியதில்லை.

1985 ஆகஸ்டில் பங்கு வீடுகளுக்கு அந்தக் கடிதம் வரத் தொடங்கியது. கீழே பெயர் இல்லை. புனித அந்தோனியார் பெயரால் எழுதியது. ஒன்பது நாளுக்குள் ஒன்பது பிரதி எடுத்து ஒன்பது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவருக்கு வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது. அனுப்பாத வீட்டில் பிள்ளை தங்காது என்று எழுதியிருந்தது.

ஜோசபினுக்கும் வந்தது. பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில் இருந்த பெண். கணவர் அற்புதராஜுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்டு வேலை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். அப்போது ஐந்து மாதம். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. படுத்து ஓய்வெடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பார்க்கப் போனபோது அவள் சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு வந்த மூன்றாவது கடிதமாம். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பிரதி. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

நான் செய்தது தப்பு. கடிதத்தைப் பிடுங்கி அவள் கண் முன்னாலேயே கிழித்துக் குப்பையில் போட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. மறுநாள் போனபோது துண்டுகளைப் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது.

சலவைப் பகுதிக்குப் போய் அல்போன்சம்மாளிடம் சொன்னேன்.

"கிழிச்சியா? ரொம்ப கெட்டிக்காரி நீ, நர்சம்மா. தெர்மாமீட்டர ஒடைச்சா காய்ச்ச எறங்கிருமா?" என்றார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எத்தனாவது நாளு இன்னைக்கு?"

"ஏழு."

எட்டாம் நாள் மத்தியானம் ஒரு கையில் மீன்கறி டிபன் கேரியர், மறு கையில் வீங்கிய பிளாஸ்டிக் பை. அப்படித்தான் ஜோசபின் வீட்டுக்கு வந்தார். நானும் கூட இருந்தேன்.

"மொதல்ல சாப்புடு. அப்புறம் எழுதலாம்."

"பெரியம்மா, நாளைக்குக் கடைசி நாளு."

"தெரியும் லா. எல்லாத்தையும் எனக்கே போடு. ஒம்பது கடுதாசியும் ஈசூனுக்கு. கணக்கு முடிஞ்சிரும்ல?"

ஜோசபின் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எம் புள்ளைக்காக அந்தச் சாபத்த ஒங்க தலையில போடச் சொல்றீங்களா? மாட்டேன்."

"போட்டாச்சேடி. நீ ஒருத்திதான் பாக்கி."

பையைக் கட்டிலில் கவிழ்த்தார். நாற்பத்தொரு கடிதங்கள். எல்லாவற்றிலும் உறை பிரிந்திருந்தது, தபால்தலை வெட்டப்பட்டிருந்தது. பழைய தபால்தலைகளைக் கோயிலின் மிஷன் நன்கொடைப் பெட்டிக்குச் சேர்ப்பது அவர் வழக்கம்.

"பாரு. இது கோயில் கொயர்ல பாடுறானே ஜார்ஜ், அவன் எழுத்து. பாட்டுத் தாள்ல பாத்ததில்லையா? இது ஆனி டீச்சரு. இந்தக் கோழிக்கிறுக்கல் எங்க அண்ணன் மருமக. எல்லாம் நம்ம மாதா லிஸ்ட்ல உள்ளவங்கதான். ஒனக்கு அட்ரஸ் எங்கருந்து கெடச்சுது?"

ஜோசபின் சமையலறைக் கதவைப் பார்த்தாள்.

"அதான். ஆளாளுக்குத் தனக்குக் கீழ உள்ள ஒம்பது பேருக்குப் போட்டிருக்காங்க. நான் கடைசி. எல்லாம் எங்கிட்ட வந்து குவிஞ்சிருச்சு."

"நீங்க திருப்பி எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. மொத கடுதாசி வந்து இருபத்திமூணு நாளாச்சு. எம் மவன் ராணுவ சேவைலருந்து போன வாரம் வந்தான், ரெண்டு கிலோ ஏறியிருக்கான். இந்தா, மீன் தல திங்கிறேன், பாத்துக்க." நிஜமாகவே எடுத்துக் கடித்தார். "அந்தோனியார எனக்கு நாப்பது வருசமாத் தெரியும். தொலஞ்ச சாவியத் தேடித் தருவாரு. கடுதாசி போட்டு வயித்துப்புள்ளக்காரிய மெரட்டுற ஆளு இல்ல."

ஜோசபின் ஒவ்வொரு கடிதமாக எடுத்து யார் எழுத்து என்று பார்த்தாள். ஆனி டீச்சர் கடிதத்தில் கை நின்றது. "டீச்சருமா பயந்தாங்க?" என்று கேட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். எழுதி வைத்திருந்த பிரதிகளைத் தானே அந்தப் பையில் போட்டாள். நான் பிடுங்கவில்லை. மூன்று மணிக்குத் தூங்கிப்போனாள். அடுத்த வாரம் அழுத்தம் இறங்கத் தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அல்போன்சம்மாள் கோயில் வாசலில் நின்றார். யாரையும் திட்டவில்லை, பெயர் சொல்லவுமில்லை. "பயமா இருந்தா எழுதுங்க. ஆனா எனக்கு மட்டும் போடுங்க. எங்கிட்ட பை இருக்கு," என்றார். மூன்று வாரம் அவர் தபால்பெட்டி நிறைந்தது. பிறகு நின்றுவிட்டது. அவர் யாருக்கும் அனுப்பாததால் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. அந்தக் கடிதங்களின் வெற்றுப் பின்பக்கங்களில் இரண்டு ஆண்டு மளிகைச் சாமான் பட்டியல் எழுதினார்.

இப்போது எனக்கு மின்னஞ்சலிலும் போனிலும் அதே கடிதம் வருகிறது. பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் இன்னது நடக்கும். தெரியாத ஆள் என்றால் திறக்காமல் அழிக்கிறேன். தெரிந்தவர் என்றால் அழித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பாதிப் பேர் ஏதோ பயத்தில்தான் இருக்கிறார்கள்.

ஜோசபினுக்கு டிசம்பரில் பெண் பிறந்தது, மூன்று கிலோ. அடுத்த அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி ஈசூன் பஸ்ஸில் என் மடியில் மாதா, பக்கத்தில் ஜோசபின் மடியில் அந்தப் பிள்ளை. இரண்டும் பூத்துண்டில். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இரட்டையா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

ஆமாம் என்றாள் ஜோசபின்.